பிறக்க மாட்டேனென்ற பதினோரு பிள்ளைகள்

சத்தியம். சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் இன்றைக்கு நான் குடிக்கிற கஞ்சி தொண்டையிலேயே நிற்கட்டும், என் வீட்டு ஒற்றைக் காளை துடிதுடித்துச் சாகட்டும். காளை போன வருஷமே செத்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள், அது வேறு விஷயம், சத்தியம் சத்தியம்தான். முன்பு நான் சொன்ன மீசை முளைத்த கிணற்றின் கதையில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். இதில் சேர்க்கவில்லை. இதில் சேர்க்க இடமில்லை.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கரிசலைக் கிழித்துக்கொண்டு போகிற மினிபஸ் கடைசியாக மூச்சு வாங்கித் திரும்புகிற ஊர் நெடுங்கரடு. தீப்பெட்டிக் கம்பெனி இரண்டு, தண்ணீர் வராத ஆழ்குழாய் நான்கு, மாதா கோயில் ஒன்று, காளியம்மன் கோயில் ஒன்று, பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் இன்றைக்கு மூடுவார்கள் நாளைக்கு மூடுவார்கள் என்றிருந்த பள்ளிக்கூடம் ஒன்று, சுவரில் வேப்பங்கன்று முளைத்த ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று. அந்தச் சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்த நர்சு லில்லிபுஷ்பம். இந்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று சொல்லிச் சொல்லியே அரசாங்கம் அவளுக்குத் தலை நரைக்கவைத்திருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஜெனிட்டா என்று ஒரே மகள்.

லில்லிபுஷ்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்க இப்போதெல்லாம் மிஷின் வந்துவிட்டது, அவளோ நாதசுரத்தின் வாயை மட்டும் அறுத்தெடுத்தது போன்ற பழைய மரக்குழலை விடவில்லை. குழலை வயிற்றில் ஊன்றிக் காதை வைத்துத் துடிப்பை எண்ணுவாள். எண்ணி முடித்ததும் காதை எடுத்துவிட்டு அதே குழலில் வாயை வைப்பாள். "எய்யா, அடுத்த செவ்வாய்க்கிழமை வருவேன், தலையைக் கீழ வச்சுக்கிட்டுச் சமர்த்தா இருக்கணும், என்ன?" என்று உள்ளே இருப்பவனிடம் நாளும் கிழமையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சொன்ன கிழமைக்கு வராமல் இருந்ததில்லை. ஓடை உடைத்துக்கொண்டு போன ஐப்பசியில் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து இடுப்பு வரை சேறாக வந்திருக்கிறாள். சொன்ன நாளுக்கு வருகிற ஒருத்தி வெளியே இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நெடுங்கரட்டுப் பிள்ளைகள் இந்த உலகத்துக்கு வந்துகொண்டிருந்தன என்றால் மிகையில்லை. அவள் கை பட்டு வந்தது அறுநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றும் முதல் சத்தம் போடுகிறபோது அவளுக்கு உள்ளங்கால் கூசும், பன்னிரண்டு வருஷமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அந்த வருஷம் ஆனி மாசம் ஜெனிட்டாவுக்குச் சென்னையில் பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே வாரம் லில்லிபுஷ்பத்துக்கும் சென்னையில் வேலை கிடைத்தது. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. ஆஸ்பத்திரிகள் அனுப்புகிற காகிதங்களைப் படித்து, பணம் கொடுக்கலாமா கூடாதா என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும், அதற்கு நர்சு படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல மூன்றரை மடங்கு. ஏசி. ஞாயிறு லீவு. யாருடைய ரத்தமும் சேலையில் படாது.

"எம்மா, நீ வேண்டாம்னு சொல்லு, நான் இங்கேயே கெமிஸ்ட்ரி சேந்துக்கிடுதேன்" என்றாள் ஜெனிட்டா. சொல்லும்போது அட்மிஷன் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கடுதாசியைக் கசக்காத. அஞ்சு வருஷத்துக்கு அது வேணும்" என்றாள் லில்லிபுஷ்பம்.

முடிவு அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊரில் சொல்வதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது நெடுங்கரட்டில் பதினோரு பேர் வயிற்றோடு இருந்தார்கள், ஆறு மாசத்திலிருந்து ஒன்பது வரை. வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னால் பதினோரு பேரும் மினிபஸ்ஸின் முன்னால் படுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறேன், பதினைந்து நாள் லீவு என்றாள். எல்லோரும் நம்பினார்கள். கடைசி நாள் பதினோரு வயிற்றிலும் குழலை வைத்து, ஒவ்வொன்றிலும் அதையே சொன்னாள்: "எய்யா, பதினஞ்சு நாள்ல வந்துருவேன். நான் வந்து ஏந்துதேன். அதுவரைக்கும் அவசரப்படாத."

அந்தக் குழலில் அவள் சொன்ன முதல் பொய் அது.

ஒன்பது மாசமாகியிருந்தவள் முத்துப்பேச்சி. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை, ஈர்க்குச்சிக்கு வயிறு வைத்தது மாதிரி இருப்பாள். மினிபஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க வர்றதுக்குள்ள இது வந்துட்டா கோவிச்சுக்கிடாதீக சிஸ்டரம்மா" என்றாள்.

அது வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பத்தாம் மாசம் போனது, பதினோராம் மாசம் போனது. இரண்டாவதாக நாள் நெருங்கியிருந்த சொர்ணத்துக்கும் வரவில்லை, அவளுக்கு அடுத்தவளுக்கும் வரவில்லை. இதைக் கேட்டு நெடுங்கரடு வாயைப் பிளந்து நின்றது என்று நினைக்காதீர்கள், வாயைப் பிளந்து நிற்க அங்கே யாருக்கு நேரம்? முதலில் மாமியார்கள், "நாள் கணக்கு தெரியாதவளுக" என்று திட்டினார்கள். பிறகு வளைகாப்பு போட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டதே என்று இரண்டாவது வளைகாப்பு போட்டார்கள். அப்புறம் மூன்றாவது. பிரசவமாகாமல் வளையலைக் கழற்றக்கூடாது, பிள்ளையை ஏந்துகிறவள்தான் கழற்றிக்கொள்ள வேண்டும், அது ஊர்ப் பழக்கம். ஆகையால் கண்ணாடி வளையல் முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறியது. பதினோரு பேரும் சேர்ந்து ரேஷன் கடைக்கு நடந்தால் மாட்டுவண்டிச் சலங்கை தோற்றுப்போகும். கம்பெனியில் அவர்கள் வயிற்றையே மேஜையாக்கித் தீப்பெட்டி அடுக்கினார்கள், அடுக்கிய பெட்டியை உள்ளே இருப்பவன் உதைத்துத் தள்ளினால் குனிந்து பொறுக்கினார்கள். மினிபஸ் கண்டக்டர், "உள்ள இருக்கவனுக்கும் அரை டிக்கெட் எடு" என்றான். "முதல்ல அவன் எங்க ஏறுனான்னு சொல்லும்வே, அங்கயிருந்து எடுக்கேன்" என்றாள் சொர்ணம். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

இதில் மூளையை உபயோகித்தவர் தலைமையாசிரியர் சிதம்பரதாணுதான். பள்ளிக்கூடத்தை மூடாமல் இருக்க அவருக்குப் பதினோரு தலை தேவைப்பட்டது, இங்கே பதினோரு தலை சும்மா கிடந்தது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஏற்றினார். மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் கம்பெனியிலிருந்து அம்மாக்கள் வந்து கடைசி வரிசையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பெயர் கூப்பிட்டால் உள்ளிருந்து ஒரு உதை, அதுதான் ஆஜர். சோதனைக்கு வந்த அதிகாரி இது என்ன கூத்து என்றார். சிதம்பரதாணு பதறாமல், "ஐயா, சந்தேகமிருந்தா மூணாம் வாய்ப்பாடு கேளுங்க" என்றார். பதினோரு வயிற்றிலிருந்தும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மூணாம் வாய்ப்பாடு வந்தது. அதிகாரி மூவொன்பது வரைக்கும் நின்று கேட்டார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். பள்ளிக்கூடம் தப்பித்தது. ஊரே கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடியது. பதினோரு பெண்களின் இடுப்பெலும்பும் அகன்று அகன்று நடை வாத்து நடையாகிவிட்டதையும், தலைமுடி சீப்போடு வந்ததையும் அந்தச் சந்தோஷத்தில் யாரும் பார்க்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். வலி வர மருந்து ஏற்றினார்கள், வலி வந்தது, பிள்ளை வரவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டர், "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. வர்ற எண்ணம்தான் அதுக்கு இல்ல. தாயோட முதுகெலும்பைக் கட்டிப் பிடிச்சிருக்கு. அறுத்து இழுத்தா ரெண்டும் சேந்துதான் வரும்" என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் லில்லிபுஷ்பம் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருந்தாள். நாளொன்றுக்கு நூற்று நாற்பது பேருடைய நோய் அவள் முன்னால் வெளிச்சமாக வந்து போனது. ஒரு மஞ்சள் காமாலை, ஒரு உடைந்த இடுப்பு, ஒரு நுரையீரல். எதற்கும் முகம் கிடையாது. ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, இரண்டே பொத்தான். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணங்களும் வரிசையாகப் பதினேழு தயாராக இருந்தன, ஒன்றைத் தொட்டால் போதும். அவளுக்கு மேலே இருந்த நளினா மேடம் நல்ல பெண்தான், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவாள். "லில்லி, பரிதாபம் வேற, பேப்பர் வேற. பேப்பரை மட்டும் பாருங்க" என்பாள். லில்லிபுஷ்பம் பேப்பரை மட்டும் பார்த்தாள். சம்பளம் முதல் தேதி காலையிலேயே வந்தது, ஜெனிட்டாவின் கல்லூரிக் கட்டணம் நாள் தவறாமல் போனது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து தடவை கையைக் கழுவினாள். கையில் எதுவுமே ஒட்டவில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

முத்துப்பேச்சி மாசத்துக்கு இரண்டு முறை போன் செய்வாள்.

"சிஸ்டரம்மா, பதினஞ்சு நாள் இன்னும் முடியலையா?"

"வாரேன் தாயி. லீவு கிடைக்கல."

"வேற நர்சு போட மாட்டேங்காக. நம்மூரு ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்க நாற்காலியில யாரையும் உக்கார விட மாட்டேங்காக. எனக்கு நாலு பல்லு விழுந்துருச்சு, பிள்ளை சுண்ணாம்பு பூராத்தையும் உறிஞ்சுதாம். ஆனா கெட்டிக்காரன் சிஸ்டரம்மா, உங்க குரலு போன்ல கேட்டா உள்ள அப்படியே அசையாம நிக்கான்."

கார்த்திகை போனது, தை போனது. மாசி பிறந்தபோது முத்துப்பேச்சிக்குப் பதினேழு மாசம். நிற்க முடியவில்லை, மூச்சு பாதியில் அறுந்தது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர், பிள்ளையின் விரல்களை முதுகெலும்பிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்துவிடலாம், ஒன்பது மணி நேரம் ஆகும், செலவும் அப்படி ஆகும் என்றார். முத்துப்பேச்சியின் புருஷன் மாரிக்கண்ணு நூல் மில்லில் வேலை, மில்லில் குடும்பத்துக்குச் சேர்த்துக் காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரியில் காகிதம் போட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை மதியம், ஒரு குடலிறக்கத்துக்கும் ஒரு பாம்புக்கடிக்கும் நடுவில், அந்தக் காகிதம் லில்லிபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்றது. முத்துப்பேச்சி, க/பெ மாரிக்கண்ணு, நெடுங்கரடு.

கர்ப்பம் எத்தனை வாரம் என்று ஒரு கட்டம். ஆஸ்பத்திரி எழுதியிருந்தது எழுபத்து மூன்று. அந்தக் கட்டம் நாற்பத்திரண்டுக்கு மேல் வாங்காது. நாற்பத்திரண்டு என்று அடித்தால் போதும், பச்சையாகிப் பணம் போய்விடும். ஆனால் மாசக் கடைசியில் தணிக்கை உண்டு. பொய் எண் போட்ட ஒரு நர்சை மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு லிப்ட் வரை கூட்டிப்போய் விட்டார்கள். லில்லிபுஷ்பம் எழுபத்து மூன்று என்று அடித்தாள். கட்டம் சிவந்தது. நாற்பத்திரண்டு என்று அடித்தாள், பச்சையானது. அழித்தாள். "லில்லி, அம்பது பைல் பெண்டிங்" என்று நளினா மேடம் பின்னாலிருந்து சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. லில்லிபுஷ்பம் எழுபத்து மூன்று என்று மறுபடி அடித்து, மறுக்கப்பட்டது என்பதைத் தொட்டு, பதினேழு காரணங்களில் ஒன்பதாவதைத் தொட்டாள்: நம்பத்தகாத தகவல். பூமியில் வேறு யாரையும்விட அதை நம்பினவள் அவள்.

பாம்புக்கடி வந்தது. அதை ஏற்றுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து முத்துப்பேச்சி பேசினாள். மதுரையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"சிஸ்டரம்மா, அந்தக் கடுதாசியில பாத்தவுக பேருன்னு போட்டு லில்லிபுஷ்பம்னு இருக்கு. உங்க பேருல இன்னொரு ஆளு அங்க இருக்காகளோ?"

லில்லிபுஷ்பம் ஜன்னலைப் பார்த்தாள். கீழே சாலையில் கார்கள் சத்தமே இல்லாமல் ஊர்ந்தன.

"ஆமா தாயி. இருக்காங்க."

"நான் சொன்னேன்லா, இவுகதான் நம்ப மாட்டேனுட்டாக" என்று முத்துப்பேச்சி பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். பிறகு, "என்னமோ தெரியல சிஸ்டரம்மா. உங்க குரலு கேட்டா அசையாம நிக்கிறவன், இன்னைக்கு முதுகைத் திருப்பிக்கிட்டான்" என்றாள்.

திங்கட்கிழமை காலையிலேயே லில்லிபுஷ்பம் சொந்தத்தில் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவு கேட்டாள். வெள்ளி, சனி, அதோடு ஞாயிறு. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வர பஸ் டிக்கெட்டும் அப்போதே எடுத்துப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மினிபஸ் நெடுங்கரட்டுத் திருப்பத்தில் ஹாரன் அடித்தபோது, கம்பெனியில் இருந்தவளுக்கு, அடுப்படியில் இருந்தவளுக்கு, திண்ணையில் காலை நீட்டி இருந்தவளுக்கு, பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் பனிக்குடம் உடைந்தது. சுகாதார நிலையத்தில் கட்டில் இரண்டுதான். பெஞ்சில், தரையில், மாதா கோயிலிலிருந்து இரவல் வாங்கிய ஜமுக்காளத்தில் என்று படுக்கப் போட்டார்கள். லில்லிபுஷ்பம் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினாள். டாக்டரம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மதியத்துக்குள் பத்தும் வந்தன. தோளில் புரளும் தலைமுடி, வாயில் வரிசைப் பல், முழங்கால் மடங்கி மடங்கித் தழும்பாகிப்போன கால்கள். ஒன்றும் அழவில்லை. சொர்ணத்தின் மகன் லில்லிபுஷ்பத்தின் கையில் கிடந்தபடி அவள் முகத்தை நன்றாகப் பார்த்து, "பதினஞ்சு நாள் இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது" என்று சொன்னான். சொல்லிவிட்டுத்தான் அழுதான். அவன் அழுததும் மற்ற ஒன்பதும் அழுதன, அழுகையோடு பேச்சு, வாய்ப்பாடு எல்லாம் அவற்றுக்கு மறந்துபோய், எல்லாப் பிள்ளைகளையும் போல மார்பைத் தேடின. லில்லிபுஷ்பத்துக்கு உள்ளங்கால் கூசியது. கூசி, கூசி, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை வரை ரத்தம், எட்டு மாசத்தில் முதல் தடவையாகக் கை சுத்தமாக இருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

பத்துப் பேரின் வளையலையும் பழக்கப்படி அவளே கழற்றினாள். ஒரு சாக்குப்பை நிறைந்தது.

டாக்டரம்மா கை கழுவிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "உங்க இடம் காலியாத்தான் கிடக்கு சிஸ்டர். அதே சம்பளம், அதே ஒப்பந்தம், அதே ஒழுகுற கூரை. நான் வேற எதுவும் சொல்லிக் கூப்பிட முடியாது. ஒரு கையெழுத்து."

"முத்துப்பேச்சியைப் பாத்துட்டு வாரேன் டாக்டர்."

முத்துப்பேச்சி ஒருத்திக்குத்தான் பனிக்குடம் உடையவில்லை. அவள் அங்கேயே உள் அறையில் சுவரில் சாய்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு நின்றுவிடும். வயிறு அவளுக்கு முன்னால் தனியாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. லில்லிபுஷ்பத்தைக் கண்டதும் பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தாள்.

"மெலிஞ்சுட்டீக சிஸ்டரம்மா. மெட்ராசுல சோறு போட மாட்டாகளா?" என்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். திறந்தால் உள்ளே பஞ்சு விரித்து ஏழு பல்.

"ஜெனிட்டா பாப்பாவுக்கு. பல்லு டாக்டருக்குத்தானே படிக்கி? படிச்சுப் பாக்க ஆகும்லா."

லில்லிபுஷ்பம் அதை வாங்கிப் பையில் வைத்தாள். டிக்கெட் இருந்த அதே அறையில்தான் வைக்க இடமிருந்தது. குழலை எடுத்து வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது, குதிரை ஓடுவது போலத் துடிப்பு. அவளுக்குத் தெம்பு வந்தது. வாயை வைத்து, "எய்யா, வந்துட்டேன்" என்றாள். திரும்பக் காதை வைத்தாள்.

உள்ளேயிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, வந்தது:

"எத்தனை நாளைக்கு?"

குழல் அவள் காதோடு ஒட்டிக்கொண்டது. வெளியே பத்துப் பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன, சிதம்பரதாணு பதிவேட்டோடு வந்து, பிறந்த தேதியை எப்படி எழுதுவது என்று யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார். அவளுக்கு மேஜைமேல் இருந்த காகிதம் நினைவுக்கு வந்தது, அதற்கு மேலே காற்றில் பறக்காமலிருக்க டாக்டரம்மா வைத்த பேனா நினைவுக்கு வந்தது. கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி சேர்கிறேன் என்று சொன்னவள் நினைவுக்கு வந்தாள். இன்னும் நாலு வருஷத்துக்குமேல் இருந்தது. என்றைக்கும் இருப்பேன் என்று சொல்லலாம். நாற்பத்திரண்டு என்று அடிப்பது போலத்தான், உடனே பச்சையாகிவிடும். ஆனால் உள்ளே இருப்பவன் இரண்டு பொய்யைக் கேட்டவன். மூன்றாவதை இந்தக் குழலில் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும், எய்யா."

"சரி" என்றான் உள்ளே இருந்தவன். ரொம்ப வயசான ஆள் சொல்வது போலச் சொன்னான்.

நூற்று நாற்பது நூறாகியது. நூறு அறுபதாகியது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஒருவன் ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உள்ளே போவது போலத் துடிப்பு தூரமாகிக்கொண்டே போனது. லில்லிபுஷ்பம் குழலில் வாயை வைத்து அலறினாள்: "இருக்கேன்! போகல, எய்யா, இங்கேயே இருந்துருதேன், கையெழுத்துப் போடுதேன், சத்தியமா!" காதை வைத்தாள். ஒன்றுமில்லை. வாயை வைத்தாள், காதை வைத்தாள். தன் மூச்சு குழலுக்குள் போய்த் திரும்பி வருகிற சத்தம் மட்டும் இருந்தது.

"என்ன சொல்லுதான் சிஸ்டரம்மா?" என்றாள் முத்துப்பேச்சி.

அவன் நம்பாதது தப்பா சரியா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லில்லிபுஷ்பம் பஸ் ஏறினாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? மேஜைமேல் இருந்த காகிதம் பங்குனிக் காற்று வரை அங்கேயே இருந்தது. சாக்குப்பை மடியில், பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் பத்துப் பேரின் வளையல் குலுங்கியது. பக்கத்து சீட்டுக்காரர், "வியாபாரமா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முத்துப்பேச்சி சாகவில்லை. அதுதான் இதில் கேட்கப் பொறுக்காத இடம். வயிறு நாளாக நாளாகச் சுருங்கி இறுகிக் கல்லாகிவிட்டது. ஸ்கேனில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற கல் பிள்ளை. அறுத்தால் அவள் போய்விடுவாள், அதனால் அறுக்கவில்லை. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. சிதம்பரதாணு அவன் பெயரை அடிக்கவில்லை. முதலில் எண்ணிக்கை குறையுமே என்றுதான் அடிக்காமல் விட்டார், பிறகு அடிக்கக் கை வரவில்லை. அவன் ஒவ்வொரு வருஷமும் வகுப்பு ஏறி, ஐந்தாம் வகுப்போடு நின்றான். முத்துப்பேச்சி இன்றைக்கும் கம்பெனிக்குப் போகிறாள், கல்லின்மேல் பெட்டி அடுக்குகிறாள், இப்போது யாரும் உதைத்துத் தள்ளுவதில்லை. தோள் வரைக்கும் போட்ட வளையல் அப்படியே இருக்கிறது. ஏந்துகிறவள்தான் கழற்ற வேண்டும்.

ஜெனிட்டா பல் டாக்டராகிவிட்டாள், நல்ல கை, வலி தெரியாமல் எடுப்பாளாம். அவள் மேஜை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது, அது எப்படி வந்தது என்று அவள் கேட்டதுமில்லை, அம்மா சொன்னதுமில்லை. லில்லிபுஷ்பம் இப்போது நளினா மேடத்தின் நாற்காலியில் இருக்கிறாள். யாரிடமும் வருகிறேன் என்று சொல்வதில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பயம் வேறு எதற்கும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மினிபஸ்ஸில் முத்துப்பேச்சியின் பக்கத்து சீட்டுதான் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் விலாப்பக்கம் கல்லுக்குள்ளிருந்து ஒரு குரல், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டது. அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். கிழவன் நான், என்ன சொல்வேன்?

"இந்தா, நாளைக்கு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.